இரண்டாம் ஆட்டக்காரர்

வெயிட்டிங் ஃபார் பிளேயர் டூ. அதற்குக் கீழே மூன்று புள்ளிகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று முளைத்து, மொத்தமாக அழிந்து, மறுபடி ஒன்றிலிருந்து. மணி நாலு ஆறு. ஆறு நிமிடம் போனது போனதுதான், ஐந்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது, குடும்பநல நீதிமன்றத்துத் தாளில் அப்படித்தான் இருக்கிறது, ஞாயிறுதோறும் மாலை நாலு முதல் ஐந்து வரை தகப்பனார் மகளோடு இணைய வழியில். தகப்பனார் நான். மகள் தாரிணி கோயம்புத்தூரில் அவள் அம்மா சுகந்தியோடு இருக்கிறாள். நான் திருச்சி தென்னூரில் ஒரு மாடிப் போர்ஷனில், கட்டில் விளிம்பில், உள்ளங்கை அளவு விளையாட்டுக் கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இத்தனைக்கும் நாலு மணிக்கு அவள் வந்துவிட்டாள், முதல் கட்டை விழவும் ஆரம்பித்தது, நாலு இரண்டுக்குக் கீழ் வீட்டில் மோட்டரைப் போட்டார்கள், விளக்கு ஒருமுறை சுருங்கியது, வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் எல்லாம் செத்துப் பிழைத்தன, அவ்வளவுதான், நாங்கள் சேர்ந்து ஆடும் ரூம் கலைந்தது. போன வாரமே இறங்கிப் போய்ச் சொன்னேன், அந்த மோட்டரை ஐந்து மணிக்குப் போடுங்களேன் என்று. வீட்டுக்காரம்மா முறத்தைக் கீழே வைக்காமலே, “கார்ப்பரேஷன்காரன் நாலு மணிக்குத்தான் தண்ணி விடுறான் சார். அவன்கிட்ட வேணா சொல்லிப் பாருங்க, உங்களுக்கு ஆபீஸ் மீட்டிங்னு” என்றார். மீட்டிங் இல்லை என்று சொல்ல வந்தேன். நாற்பத்தொன்பது வயதில் விளையாட்டு என்று எப்படிச் சொல்வது. மீட்டிங்தான் என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.

இந்தக் கருவியை விற்றவனைச் சொல்ல வேண்டும். பழைய காலத்துக் கைக் கருவியைப் போலவே செய்திருக்கிறார்கள், அதே சாம்பல் நிறம், அதே இரண்டு சிவப்புப் பொத்தான், உள்ளே நூற்றுக்கணக்கில் அந்தக் காலத்து ஆட்டங்கள். பழையதில் இல்லாதது ஒன்றுதான், இரண்டு கருவிகளை இணைக்க இப்போது ஒயர் வேண்டாம், ஊர் விட்டு ஊர் ஆடலாம். அட்டைப் பெட்டியில் இரண்டு பேர் ஆளுக்கொரு கருவியோடு பல் தெரியச் சிரிக்கும் படம். அந்த இரண்டு பேரும் ஒருமுறையாவது இதை இணைத்துப் பார்த்திருப்பார்களா? இரண்டு கருவியிலும் உள்ளே இருக்கும் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், ஆட்டம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவர் ரூம் திறந்து ஆறு இலக்க எண்ணை மெசேஜில் சொல்ல வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும், ஒருவர் மட்டும் அப்டேட் செய்துவிட்டால் இன்னொருவரை அது அடையாளமே கண்டுகொள்ளாது. இதெல்லாம் பெட்டியில் இல்லை. தாரிணியின் பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு ஒன்றை அனுப்பி, இன்னொன்றை வைத்துக்கொண்டேன். முதல் ஞாயிறு நாற்பது நிமிடம் இதிலேயே போனது. “அப்பா, உங்களோடது மூணு புள்ளி ஒண்ணு. என்னோடது வெறும் மூணு.” “நீயும் அப்டேட் பண்ணிரும்மா.” “ஏன், நீங்க பழையதுக்குப் போக மாட்டீங்களா?” பழையதுக்குப் போக முடியாதாம், போன் செய்து கேட்டேன், அந்தக் கம்பெனிக்காரப் பையன் சிரிக்காமல் சொன்னான், சார், முன்னாடிதான் போகலாம். பெரிய தத்துவம். நாலு ஒன்பது. மூன்று புள்ளிகள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் இரண்டு பேரும் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும், யார் அழுத்தவில்லையோ அவர் எண்ணைப் போட்டு வெயிட்டிங் என்று காட்டும். ரூமைத் திறப்பவன் நான், அதனால் பிளேயர் ஒன் நான். இந்தப் பதினோரு மாதத்தில் வெயிட்டிங் ஃபார் பிளேயர் ஒன் என்று ஒருமுறைகூட இதில் வந்ததில்லை. நான் எப்போதோ அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

நாலு பன்னிரண்டு. வந்துவிட்டாள். திரையில் பெரிய குழி என்னுடையது, ஓரத்தில் சின்னக் கட்டத்தில் அவள் குழி. மேலிருந்து கட்டைகள் விழும், வரிசை நிறைந்தால் மறையும், அது எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம். இரண்டு பேர் ஆடும்போது மட்டும் ஒரு கூடுதல் விதி, ஒரே அடியில் இரண்டு வரிசைக்கு மேல் துடைத்தால், துடைத்த குப்பை எதிராளியின் குழிக்கு அடியில் போய் ஏறும். என் வீடு சுத்தமானால் அவள் வீடு குப்பை. யார் குழி முதலில் முட்டுகிறதோ அவர் தோற்றார். கடைசி ஆட்டத்தில் தோற்றவர் ஐந்து மணிக்கு முன் போன் செய்து தோற்றேன் என்று வாயால் சொல்ல வேண்டும், இது எனக்கும் தாரிணிக்கும் உள்ள ஏற்பாடு, பதினோரு மாதமாக நான்தான் போன் செய்கிறேன். தோற்பது சும்மா இல்லை. சும்மா கட்டைகளைக் கண்டபடி போட்டால் கண்டுபிடித்துவிடுவாள். நம்பும்படி தோற்க வேண்டும். நாலு வரிசை நன்றாக அடுக்கி, நீளக் கட்டை வரும்போது ஒரு கட்டம் தள்ளி விட்டு, அடடா என்று திணறுவது போல இரண்டு கட்டையைத் தப்பாகத் திருப்பி, ஒருமுறை மீண்டு வந்து, அப்புறம் மூழ்க வேண்டும். இதற்கு முழுக் கவனமும் என் குழியிலேயே இருக்க வேண்டும், ஜெயிப்பதற்குக்கூட இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. விபத்தான வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது என் தொழில், சர்வேயர் என்பார்கள். இருபத்திரண்டு வருடம். பம்பரின் நசுங்கலைத் தடவிப் பார்த்து, ஓட்டியவன் பிரேக்கை மிதித்தானா, தூங்கினானா, இடித்த பிறகு பயத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினானா என்று சொல்லிவிடுவேன். ஓட்டியது அப்பா என்று எழுதிக் கொடுப்பார்கள், சீட்டு முன்னால் இழுத்திருப்பதைப் பார்த்தே இது லைசென்ஸ் இல்லாத மகன் என்று தெரிந்துவிடும். ஒர்க்‌ஷாப் சகாயராஜிடம் நேற்றுகூடச் சொன்னேன், என் பொண்ணு இப்ப எப்படி ஆடுறா தெரியுமா, ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் கட்டையைத் திருப்பக்கூட மாட்டா, இப்ப நடுவுல ஓட்டையே வைக்கிறதில்ல. அவன் ஜாக்கியை இறக்கிக்கொண்டே, “பார்த்து சார், உங்களையே டோட்டல் லாஸ் ஆக்கிரப் போவுது” என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் அவளுக்குப் பதினான்கு முடிகிறது. அப்போது நீதிமன்றத்தில் ஆலோசகர் அம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார், இந்த ஒரு மணி நேரம் உனக்குத் தொடர வேண்டுமா என்று. வேண்டாம் என்றால் அதோடு சரி. நன்றாக ஆட ஆரம்பித்தவள் வேண்டாம் என்று சொல்வாளா? ஜெயித்துக்கொண்டே இருப்பவள் ஆட்டத்தை எதற்கு விட வேண்டும்?

நீளக் கட்டையைத் தள்ளி விட்டேன். அடடா. பழைய கருவியில் எதிராளியின் குழி தெரியாது, உயரத்தைக் காட்ட ஓரத்தில் ஒரு கோடு மட்டும் ஏறி இறங்கும். சேலத்தில், கல்யாணமான புதிதில், சுகந்தியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பழைய கருவிகள் இரண்டும் அவற்றை இணைக்கும் ஒயர் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். ஒயர் இரண்டு முழம்கூட இருக்காது. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஆட முடியும். ஒரு மனஸ்தாபம் என்றாலும் ஒயர் அவ்வளவுதான், தள்ளி உட்கார வழியில்லை. தோற்றவர் டீ போட வேண்டும், அது அங்கே ஏற்பாடு. சுகந்திக்கு இடக்கை. எல்லாரும் நீளக் கட்டைக்கு வலது ஓரத்தில் சந்து விட்டால் அவள் இடது ஓரத்தில் விடுவாள். ஒவ்வொரு கட்டையையும் போடுவதற்கு முன் நாலு பக்கமும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக் கூடையில் போடுகிற மாதிரி, டக் டக் டக் டக் என்று பொத்தான் சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். எரிச்சலாக வரும். எரிச்சலுக்குக் காரணம் சத்தம் இல்லை. அப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் அவள்தான் ஜெயிக்கப் போவாள். என் குழி உச்சிக்கு ஏறும்போது காலை நீட்டுவேன், அல்லது முழங்கையை மடக்குவேன், ஒயர் கழன்றுவிடும். இரண்டு திரையும் உறைந்துவிடும். ஒயர் கழண்டுருச்சு என்பேன். ஆட்டம் செல்லாது. செல்லாத ஆட்டத்தில் தோற்றவர் யாரும் இல்லை என்பதால் டீ போட வேண்டியவரும் யாரும் இல்லை, கொஞ்ச நேரம் இருவரும் உட்கார்ந்திருப்போம், பிறகு அவள் எழுந்து போய்ப் போடுவாள். ஐந்து வருடம். ஒருநாள், அன்றைக்கு ஆட்டமே ஆரம்பிக்கவில்லை, அவளே ஒயரைப் பிடுங்கினாள், கையில் சுற்றினாள், ரப்பர் பேண்ட் போட்டாள், மேசை டிராயரில் வைத்து மூடினாள். “இனிமே ஒயர் மேல பழி போட வேண்டாம்” என்றாள். சண்டைகூடப் போடவில்லை. அதற்கப்புறம் தாரிணி பிறந்தாள், வீடு மாறினோம், எத்தனையோ நடந்து, வக்கீல்வரைக்கும் வந்த பிறகு கவுன்சலிங்கில் கேட்டார்கள், எப்போதிருந்து உங்களுக்குள் பேச்சு குறைந்தது என்று. நான் ஏதோ வருடம் சொன்னேன். சுகந்தி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிராயரை நினைத்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு ஒயருக்காகவா.

“சார்! மாடி சார்! குழாயை மூடலையா? வழியுது சார், படி வரைக்கும் வந்துருச்சு!” என்று கீழேயிருந்து வீட்டுக்காரம்மா. காலையில் தண்ணீர் வராத குழாயைத் திறந்தபடி விட்டிருக்கிறேன். கருவியைப் படுக்கையில் போட்டுவிட்டு ஓடினேன், வாளி நிறைந்து பாத்ரூம் நிறைந்து வாசலைத் தாண்டி, மூடி, துணியைப் போட்டுத் தள்ளி, திரும்பி வரும்போது இரண்டு கையும் முழங்கை வரை ஈரம். தொட முடியாது. துண்டு கொடியில் இல்லை. என் குழியில் கட்டைகள் தாமாக நடுவில் விழுந்து குவிந்துகொண்டிருந்தன, சரி, இந்த ஆட்டம் சுலபமாகத் தோற்றேன் என்று நின்றபடியே பார்த்தேன், செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஓரத்துச் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். பதினோரு மாதத்தில் இப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்க்கிறேனோ என்னவோ. ஒரு சதுரம் விழுந்தது. சதுரத்தைச் சுற்றினாலும் சதுரம்தான், யாரும் சுற்ற மாட்டார்கள், அது லேசாகத் துடித்தது, நாலு முறை. அடுத்து ஒரு வளைந்த கட்டை, முழுச் சுற்று சுற்றி, வந்த நிலைக்கே வந்து, கீழே போனது. இடது ஓரத்தில், அடியிலிருந்து மேல் வரை, ஒரு கட்டம் அகலத்தில் நேர்கோடாகச் சந்து. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாரிணிக்கு வலக்கை. தாரிணி முதல் கட்டையைத் திருப்பாமல் நட்டநடுவில் பொத்தென்று போடுவாள், ஏம்மா அப்படி என்றால் அது ஆரம்பிக்கிறதுக்குப்பா என்பாள். அம்மா சொல்லிக் கொடுத்திருக்கலாம். சந்தை எங்கே விடுவது என்று சொல்லிக் கொடுக்கலாம். சதுரத்தைச் சுற்றுவதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. சீட்டு முன்னால் இழுத்திருக்கிறது. ஓட்டியது வேறு ஆள்.

எத்தனை வாரம்? திரையில் தோற்றுவிட்டதாகக் காட்டியது, ஸ்டார்ட்டை அழுத்தவில்லை, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையணைக்கு அடியில் நோட்டு. வக்கீல் அம்மா சொல்லி வைத்தது, “எதுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் எழுதிட்டு வாங்க சார். ஒரு வாரம் தவறினாலும் நமக்கு அது பாயிண்ட்.” ஒரு வாரம்கூடத் தவறவில்லை, நாற்பத்தாறு டிக். சகாயராஜிடம் பெருமையடித்தது நேற்று. அவள் நன்றாக ஆடத் தொடங்கி இரண்டு மாதம் என்று என் வாயாலேயே சொன்னேன். போன் செய்யும்போது தாரிணிதான் எடுப்பாள், கடைசி ஐந்து நிமிடம், சூப்பர்ப்பா, அப்புறம், ஸ்கூல் நல்லா போகுதுப்பா, பை. போன வாரம் கேட்டேன், கடைசியில எந்தக் கட்டை வந்து உன்னைக் காப்பாத்துச்சு? அது, நீளக் கட்டைதான்ப்பா. எந்த ஆட்டத்தையும் காப்பாற்றுவது நீளக் கட்டைதான், ஆட்டத்தைப் பார்க்காதவரும் சொல்லலாம். அப்போதே கேட்டிருக்க வேண்டும் எந்தப் பக்கம் போட்டாய் என்று. நசுங்கலைத் தடவிச் சொல்லுகிற ஆள். வாரா வாரம் இங்கே உட்கார்ந்து நான் யாருக்காகக் கஷ்டப்பட்டுத் தோற்றுக்கொண்டிருந்தேன்? அவளுக்கு. சுகந்திக்கு. என் நடிப்பு முழுவதையும், அடடா, திணறல், மீட்சி, மூழ்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள். இதைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தால் முடிந்தது, உத்தரவை மீறியிருக்கிறார்கள், ஆள் மாறாட்டம், நேரில் பார்க்கிற அனுமதிகூடக் கிடைக்கும். ஆலோசகர் கேட்கும்போது தாரிணி வேண்டாம் என்றாலும் செல்லாது. செல்லாது. அந்த ஒரு மணி நேரத்தைக் கட்டாயமாக்கி வாங்கலாம், வாங்கி, அதில் வந்து உட்காருகிற பெண் எந்தச் சந்தில் எந்தக் கட்டையைப் போடுவாள்? வர மாட்டேன் என்றவளை உட்கார வைத்துவிட்டு அவள் குழியை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நாலு இருபத்தெட்டு. நிமிர்ந்தால் திரையில், பதினோரு மாதத்தில் முதல்முறையாக, வெயிட்டிங் ஃபார் பிளேயர் ஒன். அங்கே அழுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். மூன்று புள்ளிகள். இங்கே என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருப்பாளா, மோட்டர் என்று நினைப்பாளா? அழுத்தினேன்.

இந்த முறை தோற்பதற்கு ஆடவில்லை. கோபம்தான், வேறு பெயர் சொல்வானேன். பத்துக் கட்டைக்குள் நாலு வரிசை அடுக்கி வலது சந்தில் நீளக் கட்டையை இறக்கினேன், நாலு வரிசைக் குப்பையும் மொத்தமாக அந்தப் பக்கம் ஏறியது. சின்னக் கட்டத்தில் விழுந்துகொண்டிருந்த கட்டை அந்தரத்தில் திருப்பமில்லாமல் கொஞ்ச தூரம் வந்தது. தெரிந்துகொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். இப்போது விட்டுவிட்டுப் போவாள், ரூம் கலையும் என்று நினைத்தேன், கட்டை கடைசி நேரத்தில் ஒரு சுற்று சுற்றிச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. அப்புறம் ஆட்டம். பதினைந்து வருடமாக அவளோடு நான் ஒழுங்காக ஆடியதில்லை, எட்டோ பத்தோ வாரமாக அவள் பாதிக் கையோடு ஆடியிருக்கிறாள் என்பது அடுத்த இரண்டு நிமிடத்தில் புரிந்தது. குப்பை வந்தது. துடைத்தேன். மறுபடி வந்தது. ஒவ்வொன்றையும் நாலு முறை சுற்றுகிற நேரத்தையும் சேர்த்துக்கொண்டே அவள் என்னைவிட முன்னால் இருந்தாள், அன்றைக்கும் இதே எரிச்சல், முட்டி இடிக்கிற தூரத்தில். என் குழி முக்கால் ஏறிவிட்டது. கட்டைவிரல் தானாக நகர்ந்து கருவியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன விசையின் மேல் உட்கார்ந்தது, அது வைஃபைக்கு. தட்டினால் போதும். மோட்டர் என்று சொல்லலாம், வீட்டுக்காரம்மாவையே சாட்சி வைக்கலாம். செல்லாத ஆட்டம். விரலுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விசை மெத்தென்று இருந்தது. இன்னும் மூன்று வரிசை. இரண்டு. விரலை எடுத்துச் சிவப்புப் பொத்தானில் வைக்க எனக்கு ஒரு கட்டை விழும் நேரம் ஆயிற்று, அந்தக் கட்டையும் வீணாயிற்று, அடுத்ததை எங்கே திணித்தாலும் இடமில்லை. முட்டியது. யூ லூஸ் என்று நடுவில் எழுத்து. நாற்பது தடவைக்கு மேல் பார்த்த எழுத்து, இப்போதுதான் கழுத்தில் சூடேறியது. நாலு நாற்பத்தேழு.

தோற்றவர் போன் செய்ய வேண்டும். தாரிணிக்கென்று தனிப் போன் கிடையாது, சுகந்தியின் எண்தான், நான் எப்போதும் நாலு ஐம்பத்தைந்துக்கு அடிப்பேன், அதற்குள் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாளாக இருக்கும். இப்போது எட்டு நிமிடம் முந்திவிட்டேன். ஏழு முறை மணி அடித்தது. “சொல்லுங்க” என்றாள் சுகந்தி. தோத்துட்டேன் என்றேன். “பார்த்தேன்.” மோட்டரும் கெடுக்கல, ஒயரும் கழலல என்றேன், எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. “அதையும்தான் பார்த்தேன்” என்றாள். எத்தனை வாரமா? “எட்டு.” அவ எங்க? “உள் ரூம்ல. படம் வரைஞ்சிட்டிருக்கா. நீங்க போன் பண்ற நேரத்துக்குக் கையில போனைக் குடுத்தா பேசுவா.” ஏன் சொல்லல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல என்றேன், குரல் உயர்ந்துவிட்டது. அவள் உயர்த்தவில்லை. “சொல்லியிருந்தா நேரா வக்கீல்கிட்ட போயிருப்பீங்க. இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்.” நான் நோட்டைப் பார்த்தேன். “அங்க ஒருத்தர் நாலு மணிக்கே வந்து உக்காந்திருப்பாரேன்னுதான் எடுத்தேன். வேற ஒண்ணும் இல்லைங்க.” ஏன் வர மாட்டேங்கறாளாம்? “நீங்க வேணும்னே தோக்கறீங்களாம். ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா, நான்தான் நம்பல. அப்பா என்னை இன்னும் எல்கேஜின்னு நெனச்சிட்டிருக்கார்ம்மா, தோத்துத் தோத்துக் குடுக்கறார், இதுல என்ன ஆட்டம் இருக்குன்னா. யாரு, உங்கப்பாவா, தோத்துக் குடுப்பாரா, போடி அந்தப் பக்கம்னேன். அப்புறம் ஒரு வாரம் நானே எடுத்து ஆடிப் பார்த்தேன்.” சிரித்தாளா மூச்சு விட்டாளா தெரியவில்லை. “எப்படிங்க ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டுத் தோக்க முடியும்? என்கிட்ட அஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூடத் தோக்கல. அவகிட்ட ஒரு தடவைகூட ஜெயிக்கல. ரெண்டு பேர்கூடவும் நீங்க ஆடவே இல்லைங்க.” ஒயர் என்று ஆரம்பித்தேன். “சரி, தோத்தது தோத்ததுதான். டீயைப் போட்டுக் குடிங்க” என்றாள், போனை வைக்கவில்லை, எங்கேயோ திரும்பி உரக்கக் கூப்பிட்டாள், “ஏய், தாரிணி! உங்கப்பா இன்னிக்கு நிஜமாவே தோத்துட்டாருடி! வந்து ஸ்கோரைப் பாரு!” தூரத்தில் ஒரு குரல், “சும்மா சொல்லாதம்மா.” “சாமி சத்தியமா. மூஞ்சி கறுத்துப் போச்சு, இங்க வரைக்கும் தெரியுது.” அதற்குப் பிறகு வைத்தாள்.

டீ போட எழுந்தேன். பால் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுத வேண்டுமா நோட்டில், டிக்கா, வேறு ஏதாவது குறியா, எட்டு வாரத்தையும் அடித்துத் திருத்த வேண்டுமா என்று யோசித்தேன். திருத்தினால் பாயிண்ட். திருத்தாவிட்டால் பொய். ஆலோசகர் அம்மா அடுத்த மாதம் கேட்பார், அவள் உண்மையைச் சொல்வாள், அப்பா என்னோடு விளையாடுவதில்லை என்று சொல்வாள், அதற்கு எந்த வக்கீல் என்ன பதில் வைத்திருக்கிறார். நாலு ஐம்பத்திரண்டு. படுக்கையில் கிடந்த கருவி முனகியது. எடுத்தால், வெயிட்டிங் ஃபார் பிளேயர் ஒன். யார் அழுத்தியது? மூன்று புள்ளிகள் முளைத்து அழிவதைப் பார்த்தேன், இரண்டு தடவை, மூன்று தடவை, எனக்கு அழுத்தப் பயமாக இருந்தது. சுகந்தி என்றால்? சுகந்தி என்றால் இன்னொரு டீ. அழுத்தினேன். என் கட்டையைத் தொடவில்லை, சின்னக் கட்டத்தையே பார்த்தேன். அங்கே முதல் கட்டை மேலிருந்து புறப்பட்டது. சுற்றவில்லை. துடிக்கவில்லை. வந்த நிலையிலேயே, நட்டநடுவில், பொத்தென்று.

தோற்பதற்கு விரல்கள் தாமாகத் தயாரானதைச் சொல்ல வேண்டும், பதினோரு மாதப் பழக்கம், நீளக் கட்டை வந்ததும் ஒரு கட்டம் தள்ளப் பார்த்தன. தள்ளவிடவில்லை. சந்தில் நேராக இறக்கினேன். நாலு வரிசைக் குப்பை அவள் அடியில் ஏறியது. பாவமாக இருந்தது, பாவத்தையும் விட்டுவிட்டு அடுத்ததை அடுக்கினேன். அவள் நடுவில் நிறைய ஓட்டை வைக்கிறாள், அவசரம், திருப்ப வேண்டியதைத் திருப்புவதில்லை, ஆனால் மூழ்கப் போகிற நேரத்தில் எங்கிருந்தோ இரண்டு வரிசை துடைத்து மேலே வருகிறாள், இதை நான் பார்த்ததே இல்லை, இத்தனை மாதமும் என் குழியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு தடவை மேலே வந்தாள். மூன்றாவது தடவை விடவில்லை. அவள் கட்டம் முட்டி நின்றது. யூ வின். திரையைக் கவிழ்த்து வைத்தேன். இனி அங்கே ஒரு கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்காமல் நடக்கும், அவ்வளவுதான், கெடுத்தாயிற்று. கீழே மோட்டரை நிறுத்தினார்கள். வீடு முழுவதும் ஒரு சத்தம் குறைந்தது, அந்த இடத்தில் போன் அடித்தது, சுகந்தியின் எண். எடுத்துக் காதில் வைத்தேன். தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும்.

“என்னப்பா இது? மூச்சு விடவே விடலை? ரெண்டு தடவை எந்திரிச்சேன், ரெண்டு தடவையும் அமுக்கறீங்க?”

“தோத்தேன்னு சொல்லணும்ல?”

“தோத்தேன், தோத்தேன். போதுமா? அம்மா, சிரிக்காதம்மா!” அங்கே ஏதோ தள்ளுமுள்ளு, போன் கை மாறி மறுபடி அவளிடமே வந்தது. “இன்னொரு ஆட்டம். முதல்ல போனை வைங்கப்பா.”

மணி ஐந்து நாலு. வைத்தேன்.